அவன் படிக்கிறான் என்று நான் நம்பிய இரண்டு ஆண்டுகள்

என் மூத்த மகன் இரண்டாம் வகுப்பை முடிக்கும் வரை அவனுக்கு வாசிக்கத் தெரியும் என்றே நம்பியிருந்தேன். தெரியாது என்று கண்டுகொண்ட பிறகும், அதைச் சரிசெய்ய நான் எடுத்த முயற்சிகளில் பாதி அவனை இன்னும் பின்னுக்குத் தள்ளின. திண்டுக்கல்லில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். வீட்டில் நான், மாமியார், இரண்டு பிள்ளைகள். பள்ளியில் வாசிப்பை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை ஒருவராவது முன்கூட்டியே எனக்கு உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருந்தால், எட்டு மாதமும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பணமும், அதைவிட முக்கியமாக என் மகனின் அழுகையும் மிச்சமாகியிருக்கும். முதல் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அவன் முதல் வகுப்பில் சேர்ந்தது 2020 ஜூன். அந்த மார்ச்சிலேயே கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. ஒரு தனியார் பள்ளியில் சேர்த்திருந்தோம், கைப்பேசியில்தான் வகுப்பு. ஆசிரியை ஒரு வரியை வாசிப்பார், நாற்பது பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள், என் மகனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். சமையலறையிலிருந்து அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தேன். தமிழ்ப் பாடம், ஆங்கிலப் பாடம் இரண்டையும் ஒரு தடங்கல் இல்லாமல் சொல்வான். முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்த்து 38,000 ரூபாய் கட்டணம் கட்டினோம். 2021 நவம்பர் முதல் தேதி சிறிய வகுப்புகளுக்குப் பள்ளி திறந்த பிறகும் பாடத்தை ஒப்பிப்பதில் அவன் குறை வைக்கவில்லை. அதனால் நானும் எதையும் கவனிக்கவில்லை.

2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது, வந்து நின்ற பேருந்தின் பலகையைக் காட்டி, "இது எந்த ஊருக்குப் போகிறது, படி பார்க்கலாம்" என்றேன். பலகையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "மதுரை" என்றான். பலகையில் இருந்தது நத்தம். நாங்கள் வழக்கமாகப் போவது மதுரைக்கு என்பதால் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து மீண்டும் கேட்டேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

அன்றிரவு அவனுடைய தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து வாசிக்கச் சொன்னேன். வாய் நான்காவது வரியை முடித்தபோது விரல் இரண்டாவது வரியின் நடுவில் இருந்தது. படத்தைக் கையால் மறைத்துவிட்டு, கடைசி வரியிலிருந்து தொடங்கச் சொன்னேன். ஒரு சொல்கூட வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தை வாங்கி, அவன் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் காட்டினேன். அதிலும் வரவில்லை. உங்கள் பிள்ளையின் புத்தகத்தில் இன்றே இந்த மூன்றையும் செய்து பாருங்கள்: விரல் வாயோடு சேர்ந்து நகர்கிறதா, படத்தை மறைத்தால் வாசிக்க முடிகிறதா, புதிய பக்கத்தில் நான்கைந்து சொற்களையாவது கூட்டி வாசிக்கிறானா. ஐந்து நிமிடம் போதும். மதிப்பெண் பட்டியல் எனக்குக் காட்டாததை அந்த ஐந்து நிமிடம் காட்டியது. ஆனால் அதைத் தேர்வைப் போல நடத்தாதீர்கள். நான் அன்று நடத்திய விதத்தில், அவன் அடுத்த இரண்டு வாரம் புத்தகத்தைப் பார்த்தாலே என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அடுத்து நான் செய்தவை அத்தனையும் அச்சத்தில் செய்தவை. கடையிலிருந்து 247 எழுத்தும் உள்ள பெரிய அட்டையை வாங்கிச் சுவரில் மாட்டினேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என்று அத்தனையும் வரிசையாகத் தினமும் எழுத வைத்தேன். அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, இரவு ஒன்பது மணிக்கு, பத்துப் பத்து முறை. ஒருநாள் 'ஞ' வரிசையில் அவன் தூங்கி விழுந்தபோது அடித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தப் பகிர்வு பொய்யாகிவிடும். மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை மாதம் 1,200 ரூபாய்க்கு டியூஷன். அதில் 9,600 போனது. ஆங்கிலத்துக்காக, எழுத்துகளின் ஒலியைக் கொண்டு வாசிக்கப் பழக்கும் இணையவழி ஃபோனிக்ஸ் வகுப்பு, முப்பது வகுப்புக்கு 12,000. மொத்தம் 21,600 ரூபாய். டியூஷனில் அவனை வாசிக்க வைக்கவே இல்லை. பள்ளி வீட்டுப்பாடத்தை எழுத வைத்து அனுப்பினார்கள். அதை நான் எட்டாவது மாதத்தில்தான் கேட்டறிந்தேன் என்பது என் தவறு. டியூஷனில் சேர்த்தால், முதல் வாரத்திலேயே ஒருநாள் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

அந்த ஜூனில்தான் கட்டணம் கட்ட முடியாமல் அவனை எங்கள் பகுதி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மாற்றினோம். தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியதும் அதே 2022 ஜூனில்தான். பெருந்தொற்றுக் காலத்தில் விட்டுப்போன கற்றலை மீட்பதற்காக, வகுப்பை வைத்து அல்லாமல் பிள்ளை இப்போது நிற்கும் இடத்தை வைத்துக் கற்பிக்கும் முறை அது. முதலில் ஒரு சிறு மதிப்பீடு நடக்கும். அதன்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் பிள்ளைகள் உட்காருவார்கள். அரும்பு ஏறக்குறைய முதல் வகுப்பு நிலை, மொட்டு இரண்டு, மலர் மூன்று. ஒரே அறையில் மூன்று நிலைக்கும் தனித்தனிப் பயிற்சி நூல் உண்டு. என் மகனை அரும்பில் உட்கார வைத்தார்கள்.

எனக்கு அது அவமானமாக இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் உட்கார வைத்திருக்கிறீர்களே என்று ஆசிரியையிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டு வந்தேன். வீட்டில் அவனுக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தையே திணித்தேன். பள்ளியில் ஒரு வழி, டியூஷனில் ஒரு வழி, சுவரில் இருந்த அட்டையில் இன்னொரு வழி. ஏழு மாதம் அந்தப் பள்ளி வாசலை நான் மிதிக்கவில்லை. உங்கள் பிள்ளை கீழ்நிலையில் இருக்கிறான் என்று பள்ளி சொன்னால் கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தோடேயாவது திரும்பிப் போய், "அந்த நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக எது குறைகிறது?" என்று கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

2023 ஜனவரியில் ஆசிரியையே அழைத்தார். அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, திட்டு வாங்கும் மனநிலையோடு போனேன். பிள்ளைகள் சத்துணவுக்குப் போயிருந்தார்கள். அவர் குமரி மாவட்டத்துக்காரர். மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர். கரும்பலகையில் நான்கு மலையாள எழுத்துகளை எழுதி, இது த, இது வ, இது ல, இது ள என்று ஒருமுறை சொன்னார். பிறகு அவற்றில் மூன்றைச் சேர்த்து எழுதி, "படியுங்கள் அம்மா" என்றார். முதல் எழுத்தை அடையாளம் கண்டேன். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்தேன். மூன்றாவதைத் தேடிப் பிடித்தபோது முதல் எழுத்து என்ன என்பது மறந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது முறைதான் 'தவள' என்று வாயில் வந்தது. வந்த பிறகும் அது தவளை என்று உறைக்க ஒரு நொடி ஆனது. "இப்போது உங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, 'சீக்கிரம் படி, இதுகூடத் தெரியாதா' என்று கேட்டால் என்ன ஆகும்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என் மகனின் இரவுகள் எனக்குப் புரிந்துவிட்டன.

பிறகு வள, வல, தல என்று எழுதினார். வளை, வலை, தலை. பத்து நிமிடத்தில் அந்த நான்கு எழுத்தைக் கொண்டு நான்கு சொற்களைத் தடுமாறாமல் வாசித்தேன். அவர் மாற்றி மாற்றிக் காட்டினாலும் வாசித்தேன். "மலையாள எழுத்து அட்டை முழுவதையும் மாட்டி, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதச் சொல்லியிருந்தால் இன்று ஒரு சொல்லாவது படித்திருப்பீர்களா?" என்று கேட்டார். வாசிப்புக்கு எழுத்தைத் தெரிந்திருப்பது மட்டும் போதாது. யோசிக்காமல் சட்டென்று தெரிய வேண்டும். அடையாளம் காண்பதிலேயே மனம் செலவாகிவிட்டால், கூட்டுவதற்கும் பொருள் கொள்வதற்கும் எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் சில எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டே உடனே சொல் அமைத்து, அவை பழகிய பிறகு அடுத்தவற்றைச் சேர்க்கிறார்கள். அகர வரிசையில் போகாமல் எழுத்துகளைக் குலைத்துக் கற்றுக்கொடுக்கிறார்களே என்று பெற்றோர் பலர் பதறுவதற்கான விடையும் இதுதான்.

அவர் அதைத் தமிழிலும் காட்டினார். ப, ட, ம என்ற மூன்று எழுத்தையும் புள்ளியையும் மட்டும் வைத்துக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் கிடைக்கிறது. துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா. 'இ' ஒலிக்கான மேல்விலங்கைச் சேர்த்தால் படி, மடி, பட்டி. இரண்டும் தெரிந்தால் பாட்டி, மாடி, மாமி. எண்ணிப் பார்த்தால் மூன்று எழுத்து, மூன்று குறி, பதின்மூன்று சொல். இந்த முறையில் 247-ஐயும் உருப்போட வேண்டியதில்லை, ஏனென்றால் பெரும்பாலானவை எழுத்தும் குறியும் சேர்ந்தவை. விதிவிலக்கு உகர, ஊகார வரிசைகள்தான். கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் எடுப்பதால் அவற்றைத் தனித்தனியாகப் பழக்கத்தான் வேண்டும். வீட்டில் நேரம் செலவிட வேண்டிய இடம் அது.

இன்னொரு சிக்கல் கொம்பு. 'பெட்டி' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது ப். 'மொட்டு' என்பதில் குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் பிரிந்து கிடக்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் பழகிய பிள்ளை இங்கே வந்து முட்டிக்கொள்கிறது. கொம்பைப் பார்த்தவுடன் அடுத்த எழுத்தையும் சேர்த்து ஒரே துண்டாகப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும் என்று சொல்லி, எழுத்தையும் கொம்பையும் சேர்த்து ஒரே வட்டத்துக்குள் போட்டுக் காட்டினார். என் மகன் ஒகர வரிசையில் திணறியபோதெல்லாம் கவனக்குறைவு என்று திட்டியிருந்தேன்.

அவர் சொன்னவற்றில் என்னை மிகவும் உலுக்கியது எழுத்தின் பெயர் பற்றியது. என் மாமியார் அன்போடு அவனை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது கானா, ஙானா, சானா. மெய்யெழுத்தென்றால் இக்கன்னா, இங்ஙன்னா. அவரும் நானும் அப்படித்தான் கற்றோம். அவன் 'படம்' என்ற சொல்லைப் பார்த்தால் பானா, டானா, இம்மன்னா என்று கூட்டுவான். பானா டானா இம்மன்னா என்பதை எத்தனை வேகமாகச் சொன்னாலும் படம் என்று வராது. பள்ளியில் ப, ட, ம் என்று ஒலியை மட்டும் சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நாங்கள் அதை மாற்றிக்கொண்டிருந்தோம். அத்தை எழுதிக் காட்டிய 'யானை', 'பானை' ஆகியவற்றிலும் ஒரு குழப்பம் இருந்தது. அவர் பள்ளிக்குப் போனது 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முன்பு. பழைய துதிக்கை வடிவ 'னை'யைத்தான் அவர் கை எழுதும். புத்தகத்தில் வேறு வடிவம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். பள்ளிக்கே அழைத்துப் போனேன். ஆசிரியை பயிற்சி நூலைக் காட்டி விளக்கியதும், "அப்ப நான் கதை சொல்றேன், எழுத்த நீங்க பார்த்துக்கங்க" என்று அத்தையே முடிவெடுத்தார். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் முதல் மாதத்திலேயே அவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலத்திலும் நான் செய்த தவறு அதேதான். பி, ஏ, டி என்று மூன்று பெயர்களைச் சொன்னால் 'பேட்' என்ற சொல் பிறக்காது. அந்த ஃபோனிக்ஸ் வகுப்பில் எழுத்தின் ஒலியைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஒலிகளைக் கூட்டிச் சொல்லை உண்டாக்கப் பழக்கினார்கள். நானோ ஒவ்வொரு இரவும் எழுத்தின் பெயரைச் சொல்லி ஸ்பெல்லிங் ஒப்பிக்க வைத்தேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் வீணானதற்கு வகுப்பு காரணமல்ல. ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகள் ஏறக்குறைய 44 என்பதால் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் மாறி ஒலிக்கும். ஒலிக்கு அடங்காத சில சொற்களை முழுச் சொல்லாகவே பழக வேண்டும். இவ்வளவையும் பணம் கட்டும் முன்பு கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

தமிழிலும் ஓர் எழுத்துக்குப் பல ஒலி உண்டு என்பதை நான் நினைத்ததே இல்லை. பம்பரம் என்ற சொல்லில் முதல் 'ப' ஒருவிதமாகவும் இரண்டாவது 'ப' வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. கடல், தங்கம், பகல் என்று சொல்லிப் பார்த்தால் 'க' மூன்று விதம். பம்பரம் விளையாடிய பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுத்தைக் கூட்டும்போதே காதில் இருக்கும் சொல் வந்து சரிசெய்துவிடும். கேட்டறியாத சொல் என்றால் தடுமாறும். பிள்ளையோடு பேசுவதும் கதை சொல்வதும் வாசிப்புக்கான வேலைதான் என்று ஆசிரியை அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இது. நாம் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். 'வருகிறார்கள்' என்று அச்சிட்டிருப்பதை என் மகன் 'வர்றாங்க' என்று வாசித்தபோது பிழை என்று அதட்டினேன். பொருளைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறான் என்பதற்கு அது அடையாளம்; மெதுவாகத் திரும்பப் பார்க்கச் சொன்னால் போதும். அன்றிலிருந்து இரவில் பத்து நிமிடம் நான் புத்தகத்தில் உள்ளபடியே வாசிக்க, அவன் கேட்கிறான். எழுத்துத் தமிழ் அவன் காதுக்குப் பழகியது அப்படித்தான்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தில், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை பொருள் புரிந்து நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் வாசிக்க வேண்டும் என்று ஓர் இலக்கு உண்டு. அதைக் கேள்விப்பட்டுக் கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டு அவனை வாசிக்க வைத்தேன். ஒரு வாரத்தில் வேகம் கூடியது. என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழித்தான். தமிழில் 'படித்துக்கொண்டிருந்தவர்களிடம்' என்பதும் ஒரு சொல், 'பூ' என்பதும் ஒரு சொல். கடிகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, வாசித்த பத்தியை உன் சொல்லில் சொல் என்று கேட்டால் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பது தெரிந்துவிடும்.

நடுவில் உறவினர் ஒருவர் இது டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிப்பைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடாக இருக்கும் என்றார். இரண்டு இரவு தூங்கவில்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், முறையாகக் கற்பித்துச் சில மாதம் பார்த்த பிறகும் எழுத்து ஒட்டவில்லை என்றால் வல்லுநரிடம் போகலாம் என்று ஆசிரியை சொன்னார். கண்ணில் சிறு குறை இருந்தது, கண்ணாடி போட்டோம். வாசிப்பு முன்னேறியதால் அதற்கு மேல் போக வேண்டியிருக்கவில்லை. போக வேண்டியவர்கள் தயங்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அங்கீகரித்திருக்கிறது. அதற்கான சலுகைகளைக் கேட்பது பிள்ளையின் உரிமை.

பள்ளிக்குப் போகும்போது என்ன கேட்பது என்று தெரியாமல்தான் பலர் "நல்லாப் படிக்கிறானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறோம். இப்போது எந்த எழுத்துகள், எந்தக் குறிகள் நடக்கின்றன, எதில் தடுமாறுகிறான், வீட்டில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று கேளுங்கள். பயிற்சி நூலை வாங்கி ஒருமுறை புரட்டுங்கள். மணியடிக்கும் நேரத்தில் பிடித்து நிறுத்தாமல், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் எந்த ஆசிரியரும் பத்து நிமிடம் ஒதுக்குவார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீரைப் பேசுவதோடு வாசிப்பையும் பேசலாம். அதுவும் நம் உரிமைதான்.

அவன் ஏப்ரலுக்குள் மொட்டுக்குப் போனான். நான்காம் வகுப்பின் அரையாண்டில் தினமணிச் செய்தித் தலைப்புகளைத் தானாக வாசிக்கத் தொடங்கினான். ரகர றகரம் எழுதுவதில் இன்னும் தவறுகிறான். நிறைய வாசித்தால் கண்ணுக்குப் பழகிவிடும் என்கிறார் ஆசிரியை, நானும் அதற்காக அவனை எழுத வைத்து வதைப்பதில்லை. சுவரில் இருந்த அட்டையை எப்போதோ கழற்றிவிட்டேன். மகள் அதே பள்ளியில் முதல் வகுப்பில் இருக்கிறாள். இரவு சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி விளையாடுகிறோம். இதுவரை ஒன்பது எழுத்தும் இரண்டு குறியும் ஆகியிருக்கின்றன. நேற்று அவள் 'மாடி'யை வாசித்துவிட்டு, அண்ணன் எழுதிக்கொடுத்த 'பாட்டி'யைக் கூட்டத் தொடங்கினாள். அவன் அவசரப்பட்டுச் சொல்லிவிடாமல் காத்துக்கொண்டிருந்தான்.